உதட்டோரம் கசிந்த காற்று

குமாரசாமி பேண்டு செட்டில் நான் கிளாரினெட், ராஜபாண்டி டிரம்பெட். ஊர்வலத்தில் எனக்கு வலப்பக்கம் அவர் நடப்பார். அதனால் அவர் முகத்தில் எனக்கு நன்றாகப் பழகிப்போனது இடது கன்னம்தான். ஊத ஆரம்பித்ததும் அது எண்ணெயில் போட்ட பூரி மாதிரி உப்பும். பாட்டு மேலே ஏற ஏற இன்னும் உப்பும். சாலையோரம் நிற்கிற குழந்தைகள் பாட்டை விட்டுவிட்டு அந்தக் கன்னத்தைப் பார்த்துக்கொண்டே கூடவே வரும். அவரும் சும்மா இருக்க மாட்டார். ஊதிக்கொண்டே கண்ணை உருட்டி அவர்களைப் பயம் காட்டுவார்.

உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். தாய்மாமா மொக்கைச்சாமி அங்கே ஒரு பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதினார். மாமா ஊதுவதைப் பார்த்துப் பார்த்து இவரும் ஊதினார். எங்கே மூச்சு இழுப்பது, எப்படி விடுவது என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. மாமா கன்னத்தை உப்ப வைத்தார், இவரும் உப்ப வைத்தார். அவ்வளவுதான் படிப்பு. பிறகு மழை இல்லாத வருடங்கள் வந்தபோது பெண்டாட்டி ராமுத்தாயையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு திருப்பூருக்கு வந்துவிட்டார். ராயபுரத்தில் ஒரு லைன் வீடு, பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர் வேலை.

அதே கம்பெனியில் நான் செக்கிங் செக்‌ஷன். ஊர் பொங்கலூர். சர்ச்சில் கிளாரினெட் ஊதிப் பழகியவன், முகூர்த்த நாட்களில் குமாரசாமி செட்டுக்குப் போவேன். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் நான் ஒரு பாட்டை விசிலடித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒருவர், “அங்கிட்டு ஒரு சுதி எறங்குதுய்யா,” என்றார். அப்படித்தான் பழக்கம். அடுத்த முகூர்த்தத்துக்கு அவரையும் கூட்டிப் போனேன். குமாரசாமி ஒரு பாட்டு கேட்டார், அதோடு யூனிபார்முக்கு அளவு எடுத்துவிட்டார்.

எங்கள் செட்டுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ராஜபாண்டியின் நீட்டுதான். மண்டப வாசலில் பெண் வந்து நின்றதும் மற்ற எல்லாரும் நிறுத்திவிடுவோம். அவர் மட்டும் ஒரே ஒரு சுரத்தைப் பிடிப்பார். பெண் படியேறி, தோழிகள் ஏறி, தட்டு தூக்கி வருகிற பெண்கள் ஏறி முடிக்கிற வரைக்கும் அந்தச் சுரம் அசையாமல் நிற்கும். கடைசி ஆள் உள்ளே போனதும் டிரம் விழும். கூட்டம் கை தட்டும். கல்யாணம் பேச வருகிறவர்களிடம் குமாரசாமி, “நீட்டு ஊதற ஆளு நம்மகிட்டத்தானுங்க இருக்காரு,” என்று சொல்லாமல் இருக்க மாட்டார்.

இரண்டாயிரத்து ஆறாம் வருடம், தை பிறந்து முதல் முகூர்த்தம். மூலனூரில் கல்யாணம். முடித்துவிட்டு என் வண்டியில் இருவரும் திரும்பினோம். நல்ல பனி. அவர் காதுக்குப் பின்னால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். துண்டை எடுத்துக் காதைக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். “துண்டுக்குள்ளதான் டிரம்பெட்டு தூங்குது, எழுப்பாத,” என்றார். அதுதான் அந்த முகத்தோடு அவர் என்னிடம் சொன்ன கடைசி வேடிக்கை.

மறுநாள் காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் இடப்பக்கமாக வழிந்து சட்டையில் ஊற்றியிருக்கிறது. தூக்கக் கலக்கம் என்று நினைத்து மறுபடி கொப்பளித்திருக்கிறார். மறுபடியும் வழிந்தது. ராமுத்தாய் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “என்னங்க, மூஞ்சிய ஏன் கோணக் காட்டுறீங்க?” என்று கேட்டுச் சிரித்திருக்கிறாள். அவர் திரும்பிச் சிரித்தார். சிரிப்பு வலப்பக்கம் மட்டும் போனது. இடப்பக்கம் அப்படியே நின்றது. அவள் கையிலிருந்த கரண்டி விழுந்துவிட்டது.

எனக்குப் போன் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது அவர் பாயில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் பாதிதான் சுருங்கியது. இடது கண் மூடவில்லை. என்னைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

“மோகா, கையி தூக்க முடியுதுடா. காலும் நடக்குது. இது பக்கவாதமாடா?”

என் பெயரில் இருக்கிற ‘ம’ சரியாக வரவில்லை. உதடு ஒட்ட வேண்டிய எழுத்துகள் எல்லாம் காற்றாகப் போய்விட்டன.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பொறுமையாகத்தான் பேசினார். இது மூளை சம்பந்தப்பட்டது இல்லை, முகத்துக்குப் போகிற நரம்பு வீங்கி நசுங்கியிருக்கிறது, முகவாதம் என்பார்கள் என்றார். பனிக்காற்று பட்டதால் வந்ததா என்று ராமுத்தாய் கேட்டாள். உறுதியாகச் சொல்ல முடியாது, கிருமியாலும் வரலாம் என்றார். மாத்திரை எழுதினார். கண்ணுக்குச் சொட்டு மருந்து, தூங்கும்போது இமையை ஒட்டி வைக்கப் பிளாஸ்திரி.

“பெரும்பாலானவங்களுக்குத் தானா சரியாயிரும். சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கும். நாம பண்றதுக்குப் பெரிசா ஒண்ணுமில்ல, காத்திருக்கணும்.”

“நான் டிரம்பெட் ஊதுறவன் சார்,” என்றார் ராஜபாண்டி.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். “அதையும் பொறுத்துத்தான் பாக்கணும்,” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் செய்த காரியம் பெட்டியைத் திறந்ததுதான். நான் தடுத்தேன். கேட்கவில்லை. டிரம்பெட்டை உதட்டில் வைத்து ஊதினார். இடது கன்னம், தாங்கிப் பிடிக்கத் தசை இல்லாமல், பலூனாக வீங்கியது. உதட்டோரம் வழியாகப் புஸ்ஸென்று காற்று போனது. எச்சில் தெறித்தது. டிரம்பெட் ஒரு சத்தமும் போடவில்லை. மறுபடி ஊதினார். மறுபடியும் அதே புஸ். மகள் சித்ராதேவி கதவுக்குப் பின்னால் நின்று காதைப் பொத்திக்கொண்டாள். சத்தமே வராததற்கு அவள் ஏன் காதைப் பொத்தினாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

கம்பெனிக்குப் போனால் ஆளுக்கொரு யோசனை. ஒருத்தர் ஜாதிக்காயை அரைத்துப் பூசச் சொன்னார். ஒருத்தர் பலூன் வாங்கி ஊதச் சொன்னார். பீகார்க்காரப் பையன்கள் தங்கள் ஊரில் கடுகெண்ணெய் தேய்ப்பார்கள் என்று சைகையில் காட்டினார்கள். லைன் சூப்பர்வைசர், “எவனோ கண்ணு வெச்சுட்டானுங்க, அந்தக் கன்னத்தை எத்தன பேரு பாத்திருப்பாங்க,” என்றார். ராஜபாண்டி எல்லாவற்றையும் செய்தார். ஜாதிக்காய் பூசினார், எண்ணெய் தேய்த்தார், பலூன் ஊதினார். எதைச் செய்தாலும் கண்ணாடியில் அதே முகம்தான் இருந்தது. சாப்பிட்டால் சோறு இடது கன்னத்துக்குள் போய் ஒதுங்கிக்கொள்ளும். விரலை விட்டு எடுக்க வேண்டும். அதனால் கேன்டீனில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மெஷின் மறைவில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார்.

முகப் பயிற்சிக்கு டாக்டர் அனுப்பிய இடத்தில்தான் ஆஷா இருந்தார். பிசியோதெரபிஸ்ட். ராஜபாண்டியைவிடப் பத்து வயதாவது இளையவர். பலூன் கதையைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“பலூன் ஊதாதீங்க. பலமில்லாத கன்னத்துக்குள்ள காத்த அடைச்சா தசை இன்னுந்தான் தளரும். அடுத்த தடவை வரும்போது டிரம்பெட்டைக் கொண்டு வாங்க, நான் பாக்கணும்.”

கொண்டு போனோம். மற்ற நோயாளிகளுக்கு நடுவே பெட்டியைத் திறக்க அவருக்குக் கூச்சம். ஆஷா திரையை இழுத்துவிட்டு, “எங்கிருந்து ஊதறீங்க?” என்று கேட்டார்.

“வாயிலருந்துதான்.”

“மூச்சு எங்க போகுது?”

ராஜபாண்டி நெஞ்சை நிமிர்த்தித் தோளைத் தூக்கிக் காட்டினார். ஆஷா அவரைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கச் சொல்லி, வயிற்றின் மேல் அவருடைய கையையே எடுத்து வைத்தார். மூச்சை இழுக்கச் சொன்னார். நெஞ்சு மேலே எழும்பியது, வயிறு உள்ளே போனது.

“தலகீழாப் பண்றீங்க. நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல தட்டு மாதிரி ஒரு தசை இருக்கு. அது கீழ எறங்கினாத்தான் நுரையீரலோட அடிப்பக்கம் நிறையும். அப்ப வயிறு மேல வரும், விலாவும் பக்கவாட்டுல விரியும். தோளுக்கு இதுல வேலையே இல்ல. நீங்க இத்தன வருஷமா கன்னத்தைத் தொட்டியா வெச்சுக்கிட்டு, அதுல காத்த நிரப்பி அழுத்தியிருக்கீங்க. இப்பத் தொட்டி இல்ல. கீழயிருந்து நேரா கொண்டு வரணும்.”

“கொண்டு வந்தா ஊத வருமா?”

ஆஷா அவருடைய இடது உதட்டோரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். “கன்னத்து மேல பாரம் குறையும். உதடு மூடறது நரம்பு கையில இருக்கு. அதுக்கு நான் சத்தியம் பண்ண முடியாதுங்க,” என்றார்.

இருந்தாலும் அவர் பிடித்துக்கொண்டார். காலையில் எழுந்ததும் பாயில் படுத்து வயிற்றில் கை வைத்து மூச்சு. பிறகு சுவரோடு முதுகை ஒட்டி நின்று, விலாவில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, கை விரிகிறதா என்று பார்ப்பது. பல்லிடுக்கில் ‘ஸ்ஸ்’ என்று விட்டுக்கொண்டே இருப்பது, ஒரே சீராக, கடைசியில் தள்ளாமல், தேயாமல். இளநீர்க் கடையில் கேட்டு வாங்கிய உறிஞ்சுகுழலை வலது உதட்டோரம் வைத்து, டம்ளர் தண்ணீரில் சின்னச் சின்னக் குமிழியாக ஊதுவது. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, இடது உதட்டோரத்தை விரலால் மெல்லத் தாங்கிப் பிடித்து ‘உ’ என்று குவிப்பது. மெஷினில் துணி ஓட்டும்போதுகூட அவர் விலா விரிந்து சுருங்குவது சட்டைக்கு மேலேயே தெரியும்.

சினிமாக் கதை மாதிரி எல்லாம் ஒழுங்காக முடிந்திருந்தால் நானும் சந்தோஷமாகச் சொல்வேன். மூச்சு உண்மையிலேயே மாறியது. முன்பெல்லாம் நீட்டு முடிந்ததும் கழுத்து நரம்பு புடைத்து, முகம் சிவந்து, தள்ளாடுவார். இப்போது ‘ஸ்ஸ்’ என்று நான் சலித்துப்போகிற வரைக்கும் விட்டுவிட்டு, சாதாரணமாகப் பேச ஆரம்பித்தார். அவரைப் பார்த்து நானும் செய்து பார்த்தேன். கிளாரினெட்டில் பாதி வரியில் மூச்சு வாங்குகிற இடங்களை எல்லாம் ஒரே மூச்சில் தாண்டினேன். குமாரசாமிகூட, “ஏனுங் மோகன்ராஜ், கிளாரினெட்டுக்குப் புது நாணல் போட்டீங்களா?” என்று கேட்டார். யாரால் வந்தது என்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை. யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டேனோ அவருக்கு இன்னும் உதடு ஒட்டவில்லை.

பங்குனி வந்தது. முகூர்த்தங்கள் குவிந்தன. குமாரசாமி காசிமாயன் என்கிற ஒருவரைப் பிடித்துவிட்டார். தேனிப் பக்கத்து ஆள், இங்கே சாயப்பட்டறையில் வேலை. நன்றாகவே ஊதினார். ராஜபாண்டியிடம் குமாரசாமி, “உங்க எடம் உங்களுக்குத்தானுங்க. ஒடம்பத் தேத்திட்டு வாங்க,” என்று சொல்லியிருந்தார். சொன்னபோது அவர் மனதிலும் அதுதான் இருந்தது.

பல்லடம் ரோட்டில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். பெண்ணின் அப்பா இரண்டு டிரம்பெட் வேண்டும் என்று பேசி வைத்திருந்தார். இன்னொரு டிரம்பெட் ஆள் கடைசி நேரத்தில் வரவில்லை. குமாரசாமி ராஜபாண்டி வீட்டுக்கே வந்தார். நானும் கூட இருந்தேன்.

“கோவிச்சுக்காதீங்க ராஜபாண்டி. யூனிபார்ம் போட்டு, உதட்டுல வெச்சுட்டு நின்னாப் போதுமுங்க. காசிமாயன் ஊதிக்குவாரு. அவங்க ரெண்டு பேரு நிக்கறாங்களான்னுதான் பாப்பாங்க.”

ராஜபாண்டி ராமுத்தாயைப் பார்த்தார். அவள் ஆணியில் தொங்கிய யூனிபார்மை எடுத்து உதறினாள். அதில் அந்துருண்டை வாசனை வந்தது.

சாயங்காலம் ஊர்வலம் பிள்ளையார் கோயிலிலிருந்து புறப்பட்டது. எனக்கு வலப்பக்கம் அவர். பிஸ்டன்களை விரல்கள் சரியாக அழுத்தின. ஒரு சுரமும் தப்பாத விரல்கள், சத்தம் மட்டும் பின்னால் காசிமாயனிடமிருந்து வந்தது. இடது கன்னம் உப்பாமல் தட்டையாகவே இருந்ததைப் பார்த்துக்கொண்டு நான் நடந்தேன்.

மண்டப வாசலில் பெண் வந்து நின்றாள். நாங்கள் பாட்டை முடித்தோம். அப்போது பெண்ணின் பெரியம்மா, பெரியாத்தாள் என்று பெயர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

“ஏனுங், நீங்கதான அந்த நீட்டு ஊதறவரு? எங்க புள்ள கல்யாணத்துல ஊதுனீங்களே! நீங்கதான் வேணும்னு நாந்தான் சொன்னனுங்க. ஊதுங்க, பொண்ணு படியேறட்டும்.”

ராஜபாண்டி குமாரசாமியைப் பார்த்தார். குமாரசாமி தரையைப் பார்த்தார். சமாளிக்கலாம் என்று நான் கிளாரினெட்டைத் தூக்கினேன். அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். “நீங்க இருங்க கண்ணு, அவரு ஊதட்டும்.” வீடியோக்காரர் விளக்கைத் திருப்பி அவர் முகத்தில் அடித்தார். பெண் ஒரு காலைப் படியில் வைத்தபடி காத்துக்கொண்டு நின்றாள்.

‘முடியாது’ என்று சொல்ல ஒரு நொடி போதும். அவரால் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தாலும் அந்த ‘மு’ வெளியே வந்திருக்காது.

மூச்சை இழுத்தார். யூனிபார்முக்குள் விலா இரண்டு பக்கமும் விரிந்ததைப் பார்த்தேன். தோள் அசையவில்லை. அவ்வளவு நல்ல மூச்சை அவர் பழைய நாட்களில் ஒருமுறைகூட எடுத்ததில்லை. வலது கையால் மட்டும் டிரம்பெட்டைப் பிடித்து, இடது ஆள்காட்டி விரலால் உதட்டோரத்தை அழுத்திக்கொண்டு ஊதினார்.

சுரம் வந்தது. சுத்தமான சுரம்தான். மூன்று படி ஏறினாள் பெண். பிறகு விரலுக்கு அடியில் காற்று கீறிக்கொண்டு வெளியே வந்தது. கன்னம் புடைத்து விரலைத் தள்ளியது. சுரம் நடுங்கி, கீழே சரிந்து, பஞ்சரான டியூப் மாதிரி ஒரு சத்தமாகி, பிறகு எருமைக்கன்று கத்துவது மாதிரி ஒரு சத்தமாகியது. அவர் நிறுத்தவில்லை. எடுத்த மூச்சு முழுவதும் உள்ளே இருக்கிறதே! அது எல்லாவற்றையும் அந்த ஓட்டை வழியாக விட்டுக்கொண்டே நின்றார். எச்சில் தாடையில் வழிந்து யூனிபார்ம் பொத்தானில் சொட்டியது. பையன்கள் சிரித்தார்கள். அவர்களைப் பார்த்துப் பெரியவர்கள் சிலரும் சிரித்தார்கள். பெண் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை அடக்கியதில் அவள் தோள் குலுங்கியது.

காசிமாயன்தான் பின்னாலிருந்து அதே சுரத்தை எடுத்துத் தூக்கினார். டிரம் விழுந்தது. ஊர்வலம் ஏறியது. கடைசி ஆள் உள்ளே போகிற வரைக்கும் ராஜபாண்டி டிரம்பெட்டை வாயிலிருந்து எடுக்கவில்லை.

பெரியாத்தாளுக்கு விஷயம் தெரிந்ததும் ஓடி வந்தார். “தெரியாமச் சொல்லிப்போட்டனுங்க சாமி, மனசுல வெச்சுக்காதீங்க,” என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ராஜபாண்டி வாயைத் துண்டால் மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். பந்தியில் உட்கார வரவில்லை. கை கழுவுகிற குழாய்க்குப் பக்கத்தில், எச்சில் இலைத் தொட்டிக்கு அந்தப்புறம் கிடந்த கல்லில் உட்கார்ந்திருந்தார். நானும் போய் உட்கார்ந்தேன்.

“காத்து வந்துச்சு பாத்தியா மோகா?”

“வந்துச்சுங்ணா.”

“கெணத்துல தண்ணி இப்பத்தான்டா ஊறுது. வாளியில ஓட்ட. நான் என்னடா செய்ய?”

நான் எழுந்து பந்திப் பக்கம் போனேன். இரண்டு டம்ளர் பாயசம் வாங்கி வந்தேன். அவர் குடிக்கும்போது வழிந்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

ஆடி மாதம் முகம் திரும்ப ஆரம்பித்தது. முதலில் புருவம். பிறகு கண் மூடியது. உதட்டோரம் மெல்ல மேலே ஏறியது. ஒருநாள் கேன்டீனில் வந்து எல்லாருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டார். கம்பெனியே அவரைச் சுற்றி நின்று பார்த்தது. ‘ம’ வந்துவிட்டது. “மோகனு, மாமா, மொக்கைச்சாமி, மூக்கம்மா,” என்று தனக்குத் தெரிந்த பெயர்களை எல்லாம் வரிசையாகச் சொல்லிக் காட்டினார். நாங்கள் சிரித்தோம்.

அன்று சாப்பாட்டு நேரத்திலேயே மொட்டை மாடிக்குப் போய், வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்த டிரம்பெட்டை எடுத்தார். உதடு ஒட்டியது. சத்தம் வந்தது. கீழ்ச் சுரங்கள் அழகாக வந்தன. மேலே போக உதட்டை இறுக்கினார். இறுக்கியதும் இடது கண் தானாக மூடிக்கொண்டது. திறந்து பார்த்தார். உதட்டை இறுக்கினால் கண் மூடுகிறது, கண்ணைத் திறந்தால் உதடு நெகிழ்கிறது. கொஞ்ச நேரம் ஊதியதும் உதட்டோரம் நடுங்க ஆரம்பித்து, பிறகு தொய்ந்துவிட்டது.

ஆஷாவிடம் போனோம். அவர் டாக்டரிடம் கூட்டிப் போனார். டாக்டர், நரம்பு திரும்ப வளரும்போது கண்ணுக்குப் போக வேண்டிய இழையும் உதட்டுக்குப் போக வேண்டிய இழையும் மாறிப் பின்னிக்கொண்டிருக்கின்றன என்றார். இனிமேல் பெரிதாக மாறாது என்றார். பேச, சாப்பிட, சிரிக்க இது போதும் என்றார்.

“ஊத?” என்று ராஜபாண்டி கேட்டார்.

ஆஷா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகும் அவர் விடவில்லை. மௌத்பீஸை உதட்டின் வலது ஓரத்துக்கு நகர்த்தி வைத்துப் பழகினார். சாப்பாட்டு நேரம் முழுவதும் மாடியில்தான். ஒரு பாட்டின் பல்லவி வரைக்கும் வந்தது. சரணத்தில் உதடு விழுந்துவிடும். மறுநாள் மறுபடி பல்லவி. காசிமாயன்கூட ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, மேல் சுரங்களை விட்டுவிட்டு இரண்டாவது டிரம்பெட்டாகக் கீழே ஊதலாமே என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். ராஜபாண்டி இரண்டு கல்யாணத்துக்கு அப்படி வந்தார். இரண்டிலும் பாதி ஊர்வலத்தில் உதடு கைவிட்டது. மூன்றாவதுக்குக் குமாரசாமி ஜால்ரா தட்டக் கூப்பிட்டார். ராஜபாண்டி யூனிபார்மைத் துவைத்து, தேய்த்து, மடித்துக் கொண்டுபோய் அவர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார்.

அடுத்த சித்திரையில் அவர்கள் ஊர்க் கோயிலுக்கு என்னையும் அழைத்தார்கள். ராமுத்தாய் யாரிடமும் சொல்லாமல் ஒரு நேர்த்திக்கடன் வைத்திருந்தாளாம். மண்ணில் செய்து வண்ணம் பூசிய ஒரு முகத்தைத் தலையில் சுமந்துகொண்டு கோயிலைச் சுற்றி வந்து அம்மன் முன்னால் வைத்தாள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது அந்த முகம். மாமா மொக்கைச்சாமி மருமகனின் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“ஆத்தா கண்ணத் தொறந்துட்டாடா. ஒரு வித்தியாசமும் இல்ல. பழைய மூஞ்சிதான்டா!”

சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள், தொட்டார்கள், கும்பிட்டார்கள். ராஜபாண்டி எல்லாருக்கும் சிரித்துக் காட்டினார். பொங்கல் வைத்து முடித்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது ராமுத்தாய் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். கை முழுக்கக் கரி.

“அண்ணே, அவருக்கு மூஞ்சி நேராகணும்னு வேண்டுனேன். ஆத்தா நேராக்கிருச்சு. கண்ணு மூடணும்னு கேட்டேன், மூடுது. சோறு வழியாம திங்கணும்னு கேட்டேன். அம்புட்டும் குடுத்துருச்சு.” மூக்கை முந்தானையில் துடைத்தாள். “ஊதணும்னு ஒரு வார்த்த கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்லண்ணே. இவரு பொழச்சாப் போதும்னு இருந்துட்டேன். இப்பப் போயிக் கேட்டாத் தருமா?”

தரும் என்று சொல்லியிருக்கலாம். நான் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன், உங்கள் அம்மனைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்றும் சொல்லியிருக்கலாம். நான் திரும்பிப் பார்த்தேன். ராஜபாண்டி கொஞ்சம் தள்ளி, குழந்தைகளுக்குப் பொங்கல் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டாரா இல்லையா என்று தெரியாது.

இப்போது இரண்டாயிரத்து ஒன்பது. செட்டில் எனக்கு வலப்பக்கம் காசிமாயன் நடக்கிறார். ராஜபாண்டி அதே கம்பெனியில், அதே ஓவர்லாக் மெஷினில் இருக்கிறார். ஓவர்டைம் எல்லாம் கேட்டு வாங்கிச் செய்கிறார். முகூர்த்த நாளில் லீவு போடுகிற ஆள் இல்லை என்பதால் மேனேஜருக்கு அவரை மிகவும் பிடித்துப்போய்விட்டது. டிரம்பெட் பரண்மேல் இருக்கிறதா, யாரிடமாவது கொடுத்துவிட்டாரா என்று நான் கேட்டதில்லை.

போன வாரம் டீக்கடையில் பழைய சூப்பர்வைசர் ஒருவர் எங்களைப் பார்த்தார். வேறு கம்பெனிக்குப் போய் நாளாகிவிட்டது அவருக்கு. ராஜபாண்டியின் முகத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டுச் சந்தோஷமாக முதுகில் தட்டினார்.

“அட, சுத்தமா நல்லாயிப் போச்சுங்களே!”

ராஜபாண்டி டீயை ஒரு மிடறு குடித்தார். ஒரு துளிகூட வழியவில்லை.

“ஆமாங்க,” என்றார். “நல்லாயிருச்சு.”